புத்தகசாலைச் சிப்பந்தியின் பள்ளிக்கூடம்

புத்தகசாலையில் வேலை பார்ப்பதற்குத் தனியே ஒரு படிப்பு எதற்கு என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உளர். கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை இருந்த இடத்தில் வைப்பதும், பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுவதும் அன்றி அங்கே வேறு என்ன வேலை இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வயது சென்றவர், வேறு வேலைக்கு உதவாதவர், நிர்வாகிக்கு வேண்டியவர் என்று பார்த்துப் பார்த்து நம்மவர் வாசகசாலைகளில் ஆள் நியமித்து வந்திருப்பதற்கும் இவ்வெண்ணமே காரணம்.

சில காலத்துக்கு முன் நாம் ஒரு சிற்றூர் வாசகசாலைக்குப் போக நேர்ந்தது. ஊர்ப் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் குடியேறிய இடம் அது. இரண்டு அலமாரிகள், நீண்ட மேஜை ஒன்று, அதன் மேல் அன்றைய தினசரி. ஒரு மூலையில் பூப்போட்ட துணியால் போர்த்திய பொருள் ஒன்று இருந்தது. தையல் இயந்திரம் என்றே நினைத்தோம். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் துணியை நீக்கிக் காட்டினார். கணினி! யாரோ ஒரு தருமவான் கொடுத்ததாம். “வந்து மூணு வருஷமாச்சுங்க ஐயா. கொண்டாந்தவங்க படம் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. தொட்டுக் கெட்டுப் போச்சுன்னா எம்மேல பழி வந்துருமேன்னு தூசி படாம மூடி வச்சிருக்கேன்” என்றார்.

அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கருவியை வாங்கப் பணம் கிடைக்கிறது. அதைக் கையாளக் கற்பிக்கப் பணம் கிடைப்பதில்லை. இந்தக் கோளாறு நம் ஊருக்கு மட்டும் உரியதா, நேற்றுத் தோன்றியதா என்று ஆராய்ந்து பார்த்தோம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதை அது. புதுக் கருவி எந்த ஆண்டு வந்தது என்பதைக் காட்டிலும், அதைக் கற்பிக்கும் வகுப்பில் யார் யாரை உட்கார விட்டார்கள் என்பதே அக்கதையில் நம் கருத்தைக் கவர்ந்தது.

முதலில் அமெரிக்காவுக்குச் செல்வோம். புத்தகங்களின் ஜாபிதாவைத் தடித்த பேரேட்டில் எழுதி வைப்பதே பழைய வழக்கம். புதுப் புத்தகம் வந்தால் அகர வரிசையில் அதைச் செருக இடம் இராது. ஓரத்தில் எழுதி, ஒட்டுப் போட்டு, கடைசியில் பேரேடு முழுவதையும் மறுபடி எழுத வேண்டி வரும். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை என்று எழுதி இழுப்பறையில் அடுக்கினால் எங்கே வேண்டுமானாலும் புதிய அட்டையைச் செருகலாம். இன்று அற்பமாகத் தோன்றும் இவ்வட்டை அக்காலத்தில் பெரிய யந்திரத்துக்குச் சமானமான புதுமை. அட்டை எல்லா ஊரிலும் ஒரே அளவாய் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாய் உழைத்தவர் மெல்வில் டியூயி. புத்தகங்களைப் பொருள் வாரியாய்ப் பிரித்து எண் கொடுக்கும் தசாம்ச முறையை 1876-ம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே. அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

அட்டை வந்தது, எண் வந்தது, எழுதுவது யார்? அதுவரை நூலக வேலையை, கொல்லன் பட்டறையில் பையன் தொழில் பழகுவதைப் போல், பழையவர் பக்கத்தில் நின்றே பழகி வந்தனர். அது போதாது, இதற்கென்று பள்ளி வேண்டும் என்றார் டியூயி. நியூயார்க் நகரில் கொலம்பியா கல்லூரியின் நூலகத் தலைவராய் இருந்த அவர், 1887-ம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ம் தேதி அங்கே ஒரு பள்ளியைத் திறந்தார். சேர்ந்த மாணாக்கர் 20 பேர். அவர்களில் 17 பேர் பெண்கள்!

கொலம்பியாவோ ஆண்கள் கல்லூரி. பெண்கள் உள்ளே வந்து உட்கார்வதா என்று தரும கர்த்தாக்கள் சீறினர்; வகுப்பறை தர மறுத்தனர். டியூயி என்ன செய்தார்? தேவாலயத்தின் மேல் மாடியில் கேட்பாரற்றுக் கிடந்த சாமான் அறையைச் சுத்தம் செய்து, கிடைத்த நாற்காலிகளைக் கொண்டு வந்து போட்டு, சொன்ன தேதியில் பாடத்தைத் தொடங்கிவிட்டார். உலகின் முதல் நூலகப் பள்ளி சாமான் அறையில் பிறந்தது! இரண்டே ஆண்டுகளில் கல்லூரிக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. 1889-ம் ஆண்டில் பள்ளி ஆல்பனி நகருக்குக் குடி பெயர்ந்தது.

அப்பள்ளிகளில் நடந்த ஒரு பாடத்தை நேயர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ‘நூலகக் கையெழுத்து’ என்பது அதன் பெயர். பல பேர் எழுதும் அட்டைகளை யாரும் தடங்கலின்றிப் படிக்க வேண்டும் அல்லவா? அதற்காக, எழுத்துக்கள் நிமிர்ந்தும் உருண்டும் ஒன்றோடொன்று பின்னாமலும் இருக்குமாறு எழுதப் பழக்கினார்கள். தம் கையெழுத்தின் தனி அழகை மறந்து, எல்லாரும் ஒரே கைபோல் எழுத வேண்டும். பிறகு டைப்ரைட்டர் பரவிற்று. பாடுபட்டுக் கற்ற அக்கையெழுத்து தேவையற்றுப் போயிற்று. மறுபடியும் விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டியதாயிற்று. ஒரு முறை கற்றால் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்தவர்களுக்கு இத்தொழில் கொடுத்த முதல் அடி அது.

டியூயியைப் புகழ்ந்ததோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. பெண்களுக்குக் கதவைத் திறந்தவர்தாம். ஆயினும் குறைந்த சம்பளத்துக்குப் படித்த பெண்கள் கிடைப்பார்கள் என்ற கணக்கு அக்காலத்து நூலக நிர்வாகிகள் பலரிடம் இருந்தது. அவர் நடத்திய உல்லாச விடுதியில் யூதர்களுக்கு இடமில்லை என்று விதி வைத்திருந்தார். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பின்னர் 1905-ம் ஆண்டில் மாநில நூலகப் பதவியைத் துறக்க நேர்ந்தது. பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டதையும் சக ஊழியப் பெண்கள் அக்காலத்திலேயே கண்டித்தனர். இவற்றை எண்ணியே அமெரிக்க நூலகச் சங்கம் 2019-ம் ஆண்டில் தன் உயர்ந்த பதக்கம் ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கிற்று. ஒருவர் செய்த நன்மைக்காக அவர் செய்த தீமையை மூடி வைப்பது பகுத்தறிவு அன்று.

இனி, அப்பெண்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களைப் பார்ப்போம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பொது நூலகத்தின் வாசற்படியை மிதிக்க முடியாத காலம் அது. தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் இறைக்கவும் தடுக்கப்பட்டவர்களின் வரலாற்றை அறிந்த நம்மவர்க்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 1905-ம் ஆண்டில், கறுப்பினத்தவருக்கென்று ஒரு கிளை நூலகம் வாடகை வீட்டின் மூன்று அறைகளில் திறக்கப்பட்டது. அதன் தலைவர் தாமஸ் பவுண்டன் புளூ. உடன் உழைத்தவர் ரேச்சல் டேவிஸ் ஹாரிஸ் என்னும் அம்மையார். 1908-ம் ஆண்டில் கார்னகி அளித்த நன்கொடையால் சொந்தக் கட்டடம் எழுந்தது. கட்டடம் வந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி தெற்கில் ஒன்றும் இல்லை.

புளூ அவர்கள் யாரிடமும் மன்றாடிக் கொண்டிருக்கவில்லை. தமது கிளை நூலகத்தையே பள்ளிக்கூடமாக்கினார். 1912-ம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அவ்வகுப்பில் அட்டை எழுதவும், எண் கொடுக்கவும், குழந்தைகளுக்குக் கதை சொல்லவும், வருவோரை வரவேற்கவும் வேலை செய்துகொண்டே கற்றனர். பிற நகரங்களில் கறுப்பினத்தவருக்கான நூலகங்கள் திறந்தபோது, அங்கே பணி செய்ய வேண்டியவர்களும் இங்கே வந்து கற்றுச் சென்றனர். 1925-ம் ஆண்டில் ஹாம்ப்டன் நகரில் கறுப்பினத்தவருக்கென்று முறையான நூலகப் பள்ளி ஏற்படும் வரையில் தெற்கு முழுவதிலும் அவர்களுக்கு இருந்த ஒரே வகுப்பு இதுவே. இத்தனைக்கும் புளூ எந்த நூலகப் பள்ளியிலும் படித்தவர் அல்லர்! ஹாம்ப்டன் பள்ளியும் 1939-ம் ஆண்டில் மூடப்பட்டது.

நிற்க. இந்தியாவில் இக்கல்வியை முதலில் வரவழைத்தவர் பரோடா மன்னர் சாயாஜி ராவ். அமெரிக்கப் பயணத்தில் நூலகங்களைக் கண்டு வியந்த அவர், 1910-ம் ஆண்டில் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரைத் தம் சமஸ்தானத்துக்கு அழைத்தார். மறு ஆண்டே பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. 1915-ம் ஆண்டில் லாகூரில், டியூயியின் மாணாக்கரான டிக்கின்ஸன், பஞ்சாப் சர்வகலாசாலையில் ஒரு வகுப்பை நடத்தினார். விதை அமெரிக்காவிலிருந்து வந்தது; நம் மண்ணுக்குரிய பயிரோ சென்னையில்தான் முளைத்தது.

சீர்காழியில் 1892-ம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் சென்னை இராஜதானிக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ம் ஆண்டு ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலை நூலகர் பதவியை ஏற்றார். ஏற்ற ஒரு வாரத்துக்குள் அவருக்கு அலுத்துவிட்டது. பேசுவதற்கு மாணவர் இல்லை, படிப்பாரும் இல்லை, சுற்றிலும் புத்தகங்கள் மட்டுமே. பழைய வேலையே போதும் என்று கல்லூரித் தலைவரிடம் போய் நின்றார். இலண்டனுக்குச் சென்று நூலகத் தொழிலைக் கற்று வாரும், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்வோம் என்று அவர் சமாதானம் சொல்லி அனுப்பினார். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று பிற்காலத்தில் போற்றப்பட்டவர், பயிற்சி இல்லாத ஒரே காரணத்தால் ஒரு வாரத்தில் ஓடப் பார்த்தவர் என்பதைக் காணும்போது, மூலையில் உட்கார்ந்து தூங்கும் நம் வாசகசாலைக்காரர்மேல் நமக்குக் கோபம் குறைகிறது.

இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் நூலகப் பள்ளி 1919-ம் ஆண்டில் ஏற்பட்டிருந்தது. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் ரங்கநாதன் பாடம் கேட்டார். ஏட்டுப் பாடத்தோடு நில்லாமல் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் சிறு பிள்ளையும் கூசாமல் உள்ளே வந்து, தாமே அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதைக் கண்டார். ஒரு நாள் பெரிய கடை ஒன்றில், துண்டு துண்டான உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் கொண்டு வேண்டிய உருவத்தைப் பூட்டிக்கொள்ளும் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதுவே அவர் மூளையில் பொறி தட்டிற்று.

டியூயியின் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் முன்னரே செய்து வைக்கப்பட்டிருக்கும். தேடி எடுத்துப் போட வேண்டியதுதான். புதிய பொருள் பிறந்தால் அதற்கு எண் இராது. ரங்கநாதனோ பட்டைகளை மட்டும் செய்து கொடுத்தார். மலாயாவில் ரப்பர் மரத்துக்கு வரும் நோயைப் பற்றிய நூல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் என்பதற்கு ஓர் எண், நோய் என்பதற்கு ஓர் எண், மலாயா என்பதற்கு ஓர் எண். இவற்றை முக்காற்புள்ளி என்னும் திருகாணியால் பூட்டிவிட்டால் அந்நூலுக்குரிய இடம் கிடைத்துவிடும். 1933-ம் ஆண்டில் வெளிவந்த இம்முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது அம்முக்காற்புள்ளியாலேயே. இதில் உள்ள நுட்பம் யாதெனில், பார்த்து எழுதும் குமாஸ்தாவால் இதைச் செய்ய இயலாது. இந்நூல் எதைப் பற்றியது, எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறது, எந்த நாட்டைக் குறித்தது என்று யோசிப்பவனால்தான் இயலும். கருவியே தன்னைக் கையாள்பவனை யோசிக்கும்படி வற்புறுத்திற்று.

யோசிக்கக் கற்பிப்பதற்குப் பள்ளி வேண்டும். 1928-ம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே, 1929-ல், அதன் சார்பில் கோடைப் பயிற்சிப் பள்ளி திறந்தது. விடுமுறைக் காலமாதலால் உத்தியோகத்தில் இருந்தோர் உத்தியோகத்தை விடாமலே கற்க வசதி இருந்தது. 1931-ம் ஆண்டில் சர்வகலாசாலையே அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்தது அவ்வாண்டில்தான். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்ற கருத்து அவ்விதிகளில் கடைசியானது. உயிர் வளருமானால் அதன் கையும் காலுமாகிய சிப்பந்திகள் வளராமல் இருக்க முடியுமா? தொடர்ந்து கற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் நமக்குத் தெரியவில்லை. தஞ்சை ஜில்லா மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பத் தொடங்கியதும் அதே 1931-ம் ஆண்டில். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறி வந்த ஜில்லாவில், அவர்கள் விட்டு வந்த கிராமத்துக்குப் புத்தகம் மாட்டு வண்டியில் போயிற்று!

1937-ம் ஆண்டில் கோடைப் பள்ளி, பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமா வகுப்பாக உயர்ந்தது. இதனால் நூலகருக்குக் கல்லூரி ஆசிரியரோடு சமமாக நிற்கும் கௌரவம் வந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பட்டம் என்னும் படிக்கட்டு வைத்தவுடன், புத்தகத்தைத் தினமும் தொட்டு எடுத்துக் கொடுக்கும் ஏவலாளுக்கு அப்பள்ளியின் கதவு சாத்தப்பட்டது. பாடமும் ஆங்கிலத்தில். 1948-ம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலித்து ஊர்தோறும் கிளை நூலகங்கள் அமைந்தபோது, அக்கிளைகளில் உட்கார வேண்டியவர் எல்லாரும் பட்டதாரிகளாய் இருக்க முடியுமா? பின்னாளில் பட்டம் பெறாதார்க்கும் சான்றிதழ்ப் படிப்புகள் ஏற்பட்டன. முதலிலேயே இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இஃது இவ்வாறிருக்க, கணினி வந்தது. 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் என்னும் பெண்மணி, அட்டையிலிருந்த விவரங்களை இயந்திரம் படிக்கத்தக்க உருவில் எழுதும் முறையை வகுத்தார். அவர் நூலகப் பள்ளியில் படித்தவர் அல்லர். கணினிக்கு நிரல் எழுதும் தொழிலிலிருந்து வந்தவர். நூலகர் அவரிடமும் அவர் நூலகரிடமும் பாடம் கேட்க வேண்டியிருந்தது. இந்தியாவில், ரங்கநாதன் 1962-ம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய ஆவணப் பயிற்சி மையம் இத்துறையில் முன்னின்றது. 1980-களின் நடுவில் யுனெஸ்கோ, சிறு கணினியில் ஓடக்கூடிய ‘சி.டி.எஸ். ஐசிஸ்’ என்னும் மென்பொருளை இலாப நோக்கமற்ற நிலையங்களுக்கு இலவசமாக வழங்கிற்று. அதைக் கற்பிக்கும் குறுகிய கால வகுப்புகள் இந்தியாவின் பல நகரங்களில் நடந்தன. பல்கலைக்கழக மானியக் குழு, 1987-ம் ஆண்டுக்குப் பின் கல்லூரி ஆசிரியரோடு நூலகர்க்கும் புத்தொளிப் பயிற்சிகளை ஏற்படுத்தி, அவற்றைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டது.

முடிச்சுப் போட்டதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. விடுப்புத் தர மனமில்லாத நிர்வாகியும் தந்தாக வேண்டியதாயிற்று. ஆனால் சான்றிதழுக்காக மட்டுமே வந்து பின் வரிசையில் அமர்ந்து நாட்களை எண்ணுவோரும் தோன்றினர். இன்னொன்று: கற்றுத் திரும்பியவரின் நூலகத்தில் கணினி வராவிட்டால், ஆறு மாதத்தில் கற்றது ஆவியாய்ப் போகும். ஓரிடத்தில் கணினி இருக்கிறது, கற்றவர் இல்லை. இன்னோரிடத்தில் கற்றவர் இருக்கிறார், கணினி இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் இராபிள்ஸ் நூலகம் நெடுங்காலம் சந்தா கட்டிய ஆங்கிலம் அறிந்தோரின் சொத்தாகவே இருந்தது. 1953-ம் ஆண்டில் லீ கொங் சியான் அவர்கள் 375,000 வெள்ளி கொடுக்க முன்வந்தபோது, நூலகம் எல்லார்க்கும் இலவசமாய் இருக்க வேண்டும், மக்களின் தாய்மொழிப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1958-ம் ஆண்டில் சட்டம் வந்து அது தேசிய நூலகத்துக்கு வழி கோலிற்று. 1960-ம் ஆண்டில் அதன் இயக்குநராய் அமர்ந்த முதல் உள்நாட்டவர் ஹெட்விக் அனுவார் என்னும் பெண்மணி. அவரும் இலண்டன் சென்றே கற்று வந்தார். இங்கே பள்ளி இல்லை. மலேசியாவில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நூலகக் கல்வி 1968-ம் ஆண்டில்தான் தொடங்கிற்று.

தாய்மொழிப் புத்தகம் என்றதும் ஒரு தமிழ்ச் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். உலகத்துப் பெரிய நூலகங்களின் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவது வழக்கம். லகரத்துக்கு வெறும் எழுத்து. ளகரத்துக்கு அடியில் புள்ளி. ழகரத்துக்கு அடியில் கோடு. பதிகின்ற சிப்பந்திக்கு மூன்றுக்கும் வேற்றுமை தெரியாவிட்டால் ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாகிவிடும்; தேடுகிறவர் புத்தகம் இல்லை என்று திரும்பிப் போவார், புத்தகமோ அலமாரியிலேயே இருக்கும். கணினி தமிழ் எழுத்தையே ஏற்கும் காலம் வந்த பின்னும், பழைய எழுத்துரு ஒன்றில் ஏற்றியது புதிய முறையில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்த கொடுமையைக் கண்டவர்கள் நாம். இயந்திரம் அறிந்து தமிழ் அறியாதவரும், தமிழ் அறிந்து இயந்திரம் அறியாதவரும் இங்கே பாதி உதவிதான் செய்ய முடியும்.

1998-ம் ஆண்டில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகம், புத்தகத்தில் ஒட்டிய மின்சில்லை வானொலி அலையால் அறிந்து இரவல் தரும் முறையை உலகிலேயே முதலில் முழு அளவில் கையாண்டது. வாசகர் தாமே பதிந்து எடுத்துச் செல்கிறார். திருப்பியதை இயந்திரமே கணக்கில் ஏற்றுகிறது. 2002-ம் ஆண்டில் திறந்த செங்காங் நூலகத்தில் இரவல் கவுண்டருக்கு ஆளே இல்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்த கைகள் என்னாவது என்பது நியாயமான கேள்வி. அலமாரிகளிடையே நடந்து, திகைத்து நிற்பவரை அணுகி, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வேலை எஞ்சியிருந்தது. முத்திரை குத்துவதை ஒரு நாளில் கற்கலாம். முன்பின் அறியாத ஒருவரின் தேவையை அவர் வாயிலிருந்து வரவழைப்பதை எத்தனை நாளில் கற்பது? 1929-ம் ஆண்டுக் கோடைப் பள்ளியின் பாடத்துக்கே சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம்.

அந்தச் சிற்றூர் வாசகசாலைக்குத் திரும்புவோம். கணினி கற்பிக்க ஒருவரை அனுப்பட்டுமா என்று அம்மையாரைக் கேட்டோம். மகிழ்வார் என எதிர்பார்த்தோம், அவர் தயங்கினார். “நான் ஆறாம் வகுப்பு வரைக்குந்தான் படிச்சேன் ஐயா. என்னைச் சேத்துக்குவாங்களா?” என்றார். நமக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருத்தி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்தாள். அண்மையில் அம்மையாரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. முதல் அலமாரியிலுள்ள புத்தகங்களின் பெயரைத் தாமே கணினியில் ஏற்றிவிட்டாராம். ‘ழ’ எந்தக் கட்டையில் இருக்கிறது என்று தேட மட்டும் ஒரு முழு நாள் ஆயிற்றாம்.